முட்டுக் கொடுத்த வசனம்

வசன நடைமுறைக் குழு அமைக்கப்பட்ட நாளிலிருந்து அந்தச் சபையில் ஒரு கதவுக்கு எண்ணெய் விடுவதுகூட லேசான காரியமாக இல்லை.

பக்கவாட்டுக் கதவு கீச்சிட்டது. வாசல் காவலர் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனார். எந்த வசனத்தின் அடிப்படையில் எண்ணெய் விடுகிறீர் என்று செயலாளர் கேட்டார். காவலர் யோசித்து, கன்னிகைகள் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோனதைச் சொன்னார். அந்த வசனத்தை ஜெனரேட்டர்காரர் அந்த மாதத்துக்குப் பதிவு செய்திருந்தார். ஒரு வசனத்தை ஒரு மாதத்தில் ஒருவர்தான் நடைமுறைப்படுத்தலாம் என்பது விதி. தலையை எண்ணெயால் அபிஷேகம் பண்ணும் வசனம் பெண்கள் ஐக்கியத்தின் பெயரில் இருந்தது. காவலர் மூன்று வாரம் காத்திருந்தார். கதவும் மூன்று வாரம் கீச்சிட்டது. நாலாவது வாரம் கீல் துருப்பிடித்துக் கழன்று கதவு விழுந்தது. குழுவின் மாத அறிக்கையில், 'சத்தம் நின்றது' என்று பதிவானது.

இதெல்லாம் போதகர் ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து ஆரம்பித்தது. நான்கு நாள், ஒரு நட்சத்திர ஓட்டலில். போகும்போது ஒரு பையோடு போனவர், வரும்போது நீல நிறத்தில் தடித்த கோப்பு ஒன்றையும் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் அந்தக் கோப்பை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்.

"நான் தலைவன் இல்ல. ஊழியக்காரன்" என்றார். "ஊழியக்காரனுக்கு எதுக்குத் தனியா ஒரு ஏ.சி. ரூம்னு சிலர் மனசுல நினைக்கிறீங்க. நல்ல கேள்வி. மோசே மலைமேல போனப்போ யாரைப் பக்கத்துல சேத்தாரு? யாரையும் இல்ல. மலைமேல குளிரா இருந்துச்சா, இல்லையா? இருந்திருக்கும். மலைன்னா குளிரும். வசனத்தை வாழ்க்கையில பொருத்திப் பாருங்க, எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்."

சபை ஆமென் என்றது. குழு அமைக்கப்பட்டது. போதகர் தலைவர். மூப்பர் துணைத்தலைவர். முப்பத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர் செயலாளர். சபைக்குள் யார் எதைச் செய்தாலும் ஒரு பச்சைச் சீட்டு நிரப்ப வேண்டும். செயல், வசனம், பொருத்தம், பலன் என்று நாலு கட்டம். குழுக் கூட்டத்தில் டீ குடிப்பதற்குக்கூட, இனித் தண்ணீர் மாத்திரம் குடிக்க வேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் போட்டு ஒரு சீட்டு இருந்தது. அந்த வசனத்தில் அடுத்து வருவது திராட்சரசம். அதைப் 'பொருத்தம்' கட்டத்தில் டீ என்று திருத்தியிருந்தார்கள்.

கொத்தனாருக்கு இதில் எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், நகக்கண்ணில் ஒட்டிய சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டே பிரசங்கம் கேட்பார், போவார். எதையும் செய்யாதவருக்குச் சீட்டு தேவையில்லை.

ஒருநாள் செயலாளர் அவரைக் கூப்பிட்டார். ஞாயிறு வகுப்பு அறையில் புதிய நட்சத்திரப் பலகை மாட்ட வேண்டும். பிள்ளைகள் மனப்பாட வசனம் சொன்னால் பெயருக்கு நேரே ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டும் பலகை. அதற்கான சீட்டு ஏற்கனவே தயார். சுவரில் இரண்டு துளை போட்டால் போதும்.

கொத்தனார் துளைக் கருவியை வைத்து அழுத்தினார். அது வெண்ணெய்க்குள் போவதுபோல் போனது. சுவரில் துளை போட்டால் சிவப்புத் தூள் பறக்க வேண்டும். பறக்கவில்லை. சேறு வழிந்தது. அவர் கருவியை நிறுத்திவிட்டுக் கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தார். பொத் பொத்தென்றது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மேலேயிருந்து நூலை விட்டார். குண்டு சுவரை ஒட்டித் தொங்கவில்லை. சுவரின் நடுப்பகுதி மூன்று விரல் அகலம் அறைக்குள் தள்ளி நின்றது. விட்டத்துக்குக் கீழே சாய்வாக ஒரு வெடிப்பு, பென்சில் நுழையும் அளவு.

வெளியே போய் மேலே பார்த்தார். இருபத்திரண்டு அடி நீளத்துக்குத் தூணே இல்லாத நாலரை இஞ்சுச் சுவர். அதன் தலையில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஞானஸ்நானக் குளத்தை நிரப்ப மூப்பர் அன்பளித்தது. அவர் பெயர் தொட்டியில் தொட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. தண்ணீர் அடியில் கசிந்து சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவரடியில்தான் முதல் பெஞ்சு. நட்சத்திரம் அதிகம் வாங்கிய பிள்ளைகளுக்கான பெஞ்சு. அதில் முதலாவதாக உட்காருவது கொத்தனாருடைய மகள். ஒன்பது வயது. நாற்பத்தொரு நட்சத்திரம்.

கொத்தனார் செயலாளர் அறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

"ஐயா, பிள்ளைங்க கிளாஸ்ல சுவரு பிதுங்குது. தொட்டியைக் காலி பண்ணணும், பெஞ்சுங்களை எதிர்ப்பக்கம் தள்ளணும், நாலு கம்பு வெச்சு முட்டுக் கொடுக்கணும். அரைநாள் வேலை. நானே பண்ணிடறேன், கூலி வேண்டாம்."

செயலாளர் பச்சைச் சீட்டுக் கட்டை எடுத்தார். "மூணு செயல். மூணு சீட்டு. வசனம்?"

"வசனம் எனக்குத் தெரியாதுங்க. சுவருதான் தெரியும்."

"இன்னைக்கு விழுந்துடுமா?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. நாளைக்கும் விழலாம், ஒரு மாசம் கழிச்சும் விழலாம்."

"அப்ப இது நாளையைப் பத்தின கவலை." செயலாளர் முதுகுக்குப் பின்னால் இருந்த அட்டையைத் திரும்பிப் பாராமலே காட்டினார். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், மத்தேயு ஆறு, முப்பத்துநாலு. அலுவலகத்தைப் பகல் பன்னிரண்டரைக்கே மூடுவதற்காக அவர் நடைமுறைப்படுத்தியிருந்த வசனம் அது. மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. "வசனத்தோட வாங்க பிரதர்" என்று மேசையைப் பூட்டினார்.

வீட்டில் கொத்தனார் உட்காரவில்லை. சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு உனக்கு? அது நம்ம வாடகைச் சுவரு, உடைச்சுடாத" என்றாள் மனைவி. அவள் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரம் நீராவியில் நின்றுவிட்டு வந்திருந்தாள்.

அவர் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அட்டை உப்பிப்போன வேதாகமத்தை எடுத்துப் பக்கங்களைத் தள்ளினாள். "வசனம்தான வேணும்? வசனத்துக்கா பஞ்சம்? ஏசாயா முப்பது, பதிமூணு. கேளு." உயர்ந்த சுவரில் ஒரு வெடிப்பு விட்டு, அது பிதுங்கி நின்று, எதிர்பாராத நேரத்தில் சடக்கென்று இடிந்து விழுவதைப் பற்றி வாசித்தாள்.

கொத்தனார் அசந்துவிட்டார். "இதைத்தான்டி நானும் சொன்னேன். எழுதினவரு கொத்தனாரா?"

"தீர்க்கதரிசி."

"யாரா இருந்தா என்ன. சுவரை நல்லாப் பாத்திருக்காரு."

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அந்த வசனத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். செயலாளர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். பிறகு கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

"பிரதர், இது சுவர் இல்ல."

"சுவருன்னுதானங்க போட்டிருக்கு?"

"அக்கிரமம். ஜனங்களோட அக்கிரமம் சுவர் மாதிரி விழும்னு அர்த்தம். இதைப் போயி நிஜச் சுவருக்குப் பொருத்தறீங்களே. வசனத்தை அப்படியே எடுத்தா எப்படி?"

"சரிங்க, ஆனா சுவரு…"

"இருங்க. இதை நான் பதிவு பண்ணா என்ன ஆகும்? நம்ம சபையில அக்கிரமம் இருக்குன்னு ஆகும். யாரோட அக்கிரமம்? சுவர் மேல யாரோட தொட்டி? மூப்பரோடது. அப்ப இது மூப்பர் மேல புகார்." அவர் இழுப்பறையிலிருந்து சிவப்புச் சீட்டு எடுத்தார். அப்படி ஒன்று இருப்பதே கொத்தனாருக்கு அன்றுதான் தெரிந்தது. "மூப்பர் மேல குற்றச்சாட்டுன்னா ரெண்டு மூணு சாட்சி வேணும். ஒண்ணாம் தீமோத்தேயு அஞ்சு, பத்தொன்பது. சாட்சி இருக்கா?"

கொத்தனாருக்குச் சாட்சி என்றால் வேறு பழக்கம். சுவரில் வெடிப்பு நகர்கிறதா என்று தெரிய, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். நகர்ந்தால் கண்ணாடி உடையும். வேலையிடத்தில் அதைச் சாட்சி என்றுதான் சொல்வார்கள்.

"வெக்கிறேங்க" என்றார். "ரெண்டு வெக்கிறேன்."

ஒன்றை வெடிப்பின் நடுவிலும் இன்னொன்றை அதன் மேல் நுனியிலும் ஒட்டினார். அடுத்த நாலு நாளும் அவர் வேறொரு இடத்தில் ஏழடிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே வரிசையை மூன்று தடவை பிரித்துக் கட்டியதால், மேஸ்திரி, "என்னய்யா, கைக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்று கேட்டார். சோற்றுவேளையில் எல்லோரும் நிழலில் சாய்ந்தபோது இவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தார். நாலாம் நாள் நடுக்கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது.

செயலாளர் வந்து பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சாட்சி உடைஞ்சிருக்கே."

"அதாங்க சாட்சி. உடைஞ்சாதான் சாட்சி."

"அந்தச் சாட்சி உடையலையே."

"அது நுனிங்க. அங்க இன்னும் வரல."

"ஆக, ஒரு சாட்சி நகருதுங்குது. இன்னொரு சாட்சி நகரலங்குது. சாட்சிகள் ஒத்துப்போகல." சிவப்புச் சீட்டில் அப்படியே எழுதினார். மாற்கு பதினாலு, ஐம்பத்தாறு. "இருந்தாலும் நான் உங்களுக்கு அநியாயம் பண்ண மாட்டேன். குழுவுல வெக்கிறேன்."

குழு கூடியது. கொத்தனாரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். ஆறு நாற்காலி இருந்தது. மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். நிற்பதற்கு ஏதாவது வசனம் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூப்பர் பேசினார். தளர்வான தேகம், மிருதுவான குரல். "தம்பி, எனக்கு வருத்தம் இல்ல. யோபுவையே சந்தேகப்பட்டாங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தத் தண்ணி எதுக்கு? ஞானஸ்நானத்துக்கு. ஆத்துமாக்களுக்கு. அதைப் போயி வெயிட்டுங்கறீங்களே."

"ரெண்டாயிரம் லிட்டருங்க ஐயா. ரெண்டு டன்."

"கணக்கு பாக்கறதுக்கு நாம என்ன வியாபாரிங்களா? நான் குடுக்கும்போது கணக்கு பாக்கல. இடது கைக்குத் தெரியாம குடுத்தேன்."

"பேரு எழுதியிருக்குங்களே" என்று கொத்தனார் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"அது வலது கை எழுதினது" என்றார் மூப்பர், கொஞ்சமும் யோசிக்காமல்.

போதகர் கையை உயர்த்தினார். நீலக் கோப்பைத் திறந்தார். "பிரச்சினையைப் பாக்கறவன் தொண்டன். தீர்வைப் பாக்கறவன் தலைவன். இவரு ஒரு சுவரைப் பாக்கறாரு. நான் வசனத்தைப் பாக்கறேன். எபிரெயர் ஒண்ணு, மூணு. சர்வத்தையும் தம்முடைய வசனத்தினாலே தாங்குகிறார். சர்வம்னா எல்லாம். எல்லாத்துலயும் சுவர் வருமா, வராதா?"

"வரும்" என்றார் செயலாளர்.

"அப்ப எது தாங்கும்? கம்பா, வசனமா?"

யாரும் கம்பு என்று சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது: வெடிப்பை மூடிச் சுவர் முழுக்கப் பூசி, மேலே அந்த வசனத்தைப் பெரிய எழுத்தில் எழுதுவது. வசனமே முட்டு. பூச்சு வேலையைக் கொத்தனாரே காணிக்கையாகச் செய்யலாம்.

"நான் பூச மாட்டேங்க" என்றார் கொத்தனார். அந்த அறையில் அவர் சொன்னதிலேயே பெரிய வாக்கியம் அதுதான். அது செயலாளரின் குறிப்பில் 'ஒத்துழையாமை' என்று ஏறியது.

வேறு ஆள் வந்து ஒரு இஞ்சு கனத்துக்குப் பூசினார். சுவருக்கு இன்னும் கொஞ்சம் எடை கூடியது. பெயிண்டர் நீலமும் தங்கமுமாக, 'சர்வத்தையும் தாங்குகிறவர்' என்று எழுதினார். நல்ல கையெழுத்து. சாட்சிக் கண்ணாடி இரண்டும் பூச்சுக்குள் போய்விட்டன. எழுத்துக்குக் கீழே நட்சத்திரப் பலகையும் ஏறியது.

கொத்தனார் சொன்னதைக் கேட்டு மனைவி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "எசேக்கியேல் பதிமூணுல இதே கதைதான் இருக்கு. சாரம் இல்லாத சாந்தை எடுத்துச் சுவத்துக்குப் பூசுனவங்க கதை. போய்ச் சொல்லிடாத. அதுக்கும் சீட்டு கேப்பாங்க. பிள்ளையை அனுப்ப வேணாம், விடு."

"நான் போவேன்" என்றாள் மகள் உள்ளேயிருந்து. "நாப்பத்தஞ்சு வந்தா எனக்கு வேதாகமம் குடுப்பாங்க. ஜிப் வெச்சது."

இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. சனிக்கிழமை மாலை கொத்தனார் ஜன்னலில் போய்ப் பார்த்தார். 'தாங்குகிறவர்' என்ற சொல்லின் நடுவே மயிரிழைபோல் ஒரு கோடு இறங்கியிருந்தது. சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தவர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். தான் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"கண்ணு, நாளைக்கு வசனத்தைத் தப்பாச் சொல்லிடு."

"எதுக்கு?"

"தப்பாச் சொன்னா உன்னைப் பின் பெஞ்சுக்கு மாத்துவாங்கல்ல?"

"இல்ல, தப்பாச் சொன்னா வெளிய நிக்கணும். கிளாஸ் முடியற வரைக்கும். கதவு அடைக்கப்பட்டதுன்னு மத்தேயுல இருக்காம், டீச்சர் சொன்னாங்க. அஞ்சு ஸ்டாரைக் கழிச்சுடுவாங்க."

"வெளியவா? வெளியன்னா இன்னும் நல்லது. போனாப் போவுது ஸ்டாரு."

"நான் வெளிய நின்னா என் இடத்துல யாரு உக்காருவா?"

"யாராவது உக்காருவாங்க. உனக்கென்ன?"

"தையக்காரம்மா பொண்ணுதான் அடுத்தது. சுவரு அவ மேல விழுந்தாப் பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு யாருடி சொன்னா?"

"நீதான் இப்பச் சொன்ன."

கொத்தனார் மனைவியைப் பார்த்தார். அவள் துணியை மடித்துக்கொண்டே, "என்னை ஏன் பாக்கற? அவ உன்னைத்தான கேட்டா" என்றாள்.

ஞாயிறு காலை கொத்தனார் எல்லோருக்கும் முன்னால் போனார். தோளில் இரண்டு சவுக்குக் கம்பு. வகுப்பு வாசலில் செயலாளர் நின்றார்.

"கம்பு எதுக்கு பிரதர்?"

"முட்டுக் கொடுக்கங்க. கையைப் புடிச்சுக் கேக்கறேன், விடுங்க."

"வசனம் முட்டுக் கொடுத்திருக்கு. அதுக்கு மேல நீங்க கம்பு வெச்சா வசனம் போதாதுன்னு ஆகும். அது அவிசுவாசம். அதுக்குச் சீட்டே கிடையாது. தவிர, வகுப்புக்குள்ள பெரியவங்க நுழையவும் சீட்டு வேணும். நிரப்புங்க, ஆராதனை முடிஞ்சதும் பாக்கறேன்."

அன்றைக்கு ஞானஸ்நானம். ஜெனரேட்டர்காரர் மோட்டாரைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. கொத்தனார் முற்றத்தில் நின்று மேலே பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பச்சைச் சீட்டு கையில் இருந்தது. 'செயல்' என்ற கட்டத்தைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். டீச்சர் முதல் பெஞ்சில் ஆரம்பித்தார். கொத்தனார் மகள் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்ன, மறந்துடுச்சா? உனக்கா?" டீச்சர் வசனத்தை ஒருமுறை முழுதாகச் சொல்லிக் காட்டினார். மகள் காலைப் பார்த்தாள். டீச்சர் வருத்தத்தோடு கதவைக் காட்டினார்.

அவள் வெளியே வந்து அப்பாவைப் பார்க்காமல் மரத்தடியில் போய் நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஜிப் வைத்த வேதாகமம் போயிற்று. கொத்தனாருக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இறங்கியதற்காக உடனே வெட்கமாக இருந்தது. அடுத்து அவள் இடத்தில் தையற்காரம்மாள் பெண் நகர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

தையற்காரம்மாள் பெண்ணும் வெளியே வந்தாள். பின்னாலேயே பெயிண்டர் மகன். அவனுக்குப் பின்னால் இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் வசனத்தை முழுதாகச் சொல்லிக் காட்டும் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது; ஒவ்வொரு பிள்ளையும் தலையைக் குனிந்து வெளியே வந்தது. குனிந்த தலைகளில் சில சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன. கொத்தனார் மகளைப் பார்த்தார். அவள் இப்போது விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்தது. எப்போது எல்லோரிடமும் சொல்லி வைத்தாளோ.

"முப்பது" என்றாள். "அப்பா, குட்டி வரல."

குட்டி என்பது ஜெனரேட்டர்காரர் மகன். ஐந்து வயது. இதுவரை ஒரு வசனமும் உருப்படியாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு வாரமும் வெளியே நிற்பது அவன்தான். அவனிடம் தனியாகச் சொல்லிவைக்கத் தேவையில்லை என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். ஆனால் டீச்சர் முப்பது தடவை சொன்னதைக் கேட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தவன் அவன். உள்ளேயிருந்து அவனுடைய கீச்சுக்குரல் வந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல், அதிகாரமும் வசன எண்ணும் உள்பட.

"வெரி குட்!" என்றார் டீச்சர். "இன்னைக்கு நீ ஒருத்தன்தான். வா, முதல் பெஞ்சுல உக்காரு."

கொத்தனார் சீட்டைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் செயலாளரின் தோள் இடித்தது. சுவரில் தங்க எழுத்துகள் தனித்தனியாக நின்றன. மேலேயிருந்து நறநறவென்று மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. பையன் இரண்டு கையையும் மடியில் வைத்து, ராஜாபோல் நடுவில் உட்கார்ந்திருந்தான். கொத்தனார் அவனைச் சிமென்ட் மூட்டையைத் தூக்குவதுபோல் கக்கத்தில் அள்ளினார். டீச்சரின் கையை மற்றக் கையால் பிடித்து இழுத்தார். "பிரதர், அவன் சரியாச் சொல்லிட்டான்!" என்று டீச்சர் கத்தினார். மூவரும் முற்றத்தில் விழுந்தார்கள்.

சுவர் விழுந்தது. தொட்டி விழுந்தது. மூப்பரின் பெயர் விழுந்தது. தண்ணீர் மரத்தடிவரை வந்து பிள்ளைகளின் செருப்பை நனைத்துவிட்டு நின்றது. தூசி அடங்கியபோது முதல் பெஞ்சு இருந்த இடத்தில் செங்கல் குவியல் இருந்தது. நட்சத்திரப் பலகை அதற்கடியில்.

"என் ஸ்டாரு?" என்று குட்டி அழுதான்.

அடுத்த ஞாயிறு நன்றி ஆராதனை. போதகர் எரிகோவின் அலங்கச் சுவர் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். "எபிரெயர் ஒண்ணு, மூணு வேலை செஞ்சுச்சா? செஞ்சுச்சு! வசனம் சர்வத்தையும் தாங்கினதால ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்ல. எந்த அளவுக்குத் தாங்கணுமோ அந்த அளவுக்குத் தாங்கி, எப்ப விடணுமோ அப்ப விட்டுச்சு. இதுதான் தலைமைத்துவம்." பயிற்சி கொடுத்த அமைப்புக்கு இது வெற்றிக்கதையாக அனுப்பப்பட்டது.

முப்பது பிள்ளைகள் ஒரே நாளில் வசனம் தவறியது பற்றிக் குழு கவலை தெரிவித்தது. அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று முடிவானது. கொத்தனாருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. சீட்டில்லாமல் வகுப்புக்குள் நுழைந்தது ஒன்று. செயலாளரை இடித்தது இரண்டு. சரியாக வசனம் சொன்ன ஒரே பிள்ளையை வெளியே தூக்கி வந்தது மூன்று.

மனைவி அதை வாசித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் அடியைத் துடைக்க நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

ஆனால் சுவர் கட்ட ஆள் வேண்டும். விழுந்த இடத்தில் கட்ட வேறு யாரும் வரவில்லை. பூசியவர் போனை எடுக்கவில்லை. ஜெனரேட்டர்காரர் போதகரிடம் போய் ஒரே ஒரு வார்த்தை பேசினார். என்ன வார்த்தை என்று தெரியவில்லை, அது வசனம் இல்லை என்பது மட்டும் தெரியும். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வந்தார். ஒன்பது இஞ்சுச் சுவர், நடுவில் இரண்டு தூண், மேலே ஒரு வாளித் தண்ணீர்கூட வைக்கக் கூடாது என்றார். அஸ்திவாரத்தைத் தோண்டிப் புதிதாகப் போட்டார். சுவர் எழும்பும்வரை பிள்ளைகள் மரத்தடியில் படித்தார்கள். பலகை இல்லாததால் நட்சத்திரமும் இல்லை. மகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு செங்கல் நனைக்க வந்தாள்.

சுவர் நெஞ்சளவு வந்த அன்று செயலாளர் பச்சைச் சீட்டோடு வந்து நின்றார்.

"பிரதர், இந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு. எந்த வசனத்தின்படி கட்டறீங்க? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நானே எழுதிக்கறேன். கன்மலை மேல வீடு கட்டினது இந்த மாசம் காலியாத்தான் இருக்கு. தூக்குநூல்கூட ஆமோஸ்ல இருக்கு. மூப்பர் வேற கேக்கறாரு, மேல சின்னதா ஒரு தொட்டி…"

கொத்தனார் மேலேயிருந்து நூலை விட்டார். குண்டு இறங்கி ஆடியது. அது நிற்பதற்காக ஒரு கண்ணை மூடிக் காத்திருந்தார். செயலாளர் பேசிக்கொண்டே இன்னும் ஓர் அடி பக்கத்தில் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா" என்றார் கொத்தனார். "நீங்க பேசப் பேச நூல் ஆடுது."